யார் கேட்ட கேள்வி?

முத்துக்குளித்துறையில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தந்த அந்தக் காலத்து வகுப்புக்குக் கூரை இல்லை, புத்தகம் இல்லை. ஒரு கைமணி இருந்தது. 1542-ன் பிற்பகுதியில் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்த மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். பையன்களும் பெரியவர்களும் வந்து கூடுவார்கள். நாளுக்கு இரண்டு வேளை. ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி நடந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்து விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் எல்லாவற்றையும் தமிழாக்கி, அந்தத் தமிழை முதலில் தாமே உருப்போட்டார். ஆசிரியரும் மனப்பாடம், மாணவரும் மனப்பாடம்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த வகுப்பின் நடைமுறை விரிவாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதும் கூடும். விசுவாச மந்திரத்தை ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி நிறுத்தி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். கூட்டம் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, நம்புகிறோம் என்று உரக்கச் சொல்லும். பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல், ஜெபம் சொல்லித்தரச் சொல்லி நச்சரித்ததையும் எழுதியிருக்கிறார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தரும்படி அவர்களை ஏவினார். தாம் போக முடியாத நோயாளி வீடுகளுக்கும் பிள்ளைகளைத்தான் அனுப்பினார். அவர்கள் போய்ப் படுக்கையருகே நின்று மந்திரம் சொன்னார்கள்.

பாரிஸில் தத்துவம் படித்தவர் அவர். குழந்தை மனம் என்று தனியே ஒரு துறை அன்று உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனாலும் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லித்தரும் பிள்ளைக்குத்தான் பாடம் ஊறும் என்பது அவர் கைக்குத் தானாக வந்திருந்தது. இன்றைய பி.எட். வகுப்பில் இதற்கொரு பெயர் வைத்து இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்பார்கள். சொல்லித்தர ஆள் வேண்டுமே. உபதேசியார்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைக் கேட்டு வாங்கி அதற்குத் திருப்பிவிட்டார். அதே கடிதத்தில் மற்றொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் சொந்த வீட்டாரையே காட்டிக்கொடுத்ததையும், சிலைகளை உடைத்து அவமதித்ததையும் அவர் மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். பெரியவர்களின் சண்டைக்குக் குழந்தையின் ஆர்வத்தைக் கருவியாக்குவது எவ்வளவு எளிது என்று அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றும்.

வாய்மொழியாக நடந்த வகுப்பு சீக்கிரமே அச்சுக்கு வந்தது. 1578-ல் கொல்லத்தில் அன்ரிக்கே அன்ரிக்கசு அடிகளார் அச்சிட்ட பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ பற்றித் தமிழ் அச்சு வரலாறு படிக்கும் எல்லோரும் அறிவார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. அது மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசு சபைக் குரு போர்ச்சுக்கலில் சிறுவர்களுக்காக உரையாடல் வடிவில் எழுதிய நூலின் தமிழாக்கம். குரு கேட்பார், சீடன் சொல்வான். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று இப்படி ஒரு பிள்ளைகள் பாடப்புத்தகம்.

இதே நூல் ஜப்பானுக்கும் போனது. 1590-களில் அங்கே அச்சான பதிப்பில் ஆட்கள் இடம் மாறியிருக்கிறார்கள்: பெரும்பாலும் சீடன் கேட்கிறான், குரு விடை சொல்கிறார். அங்கே ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் வளர்ந்தவர்கள். குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள். நம் கரையில் கேள்வி குருவிடமே இருந்துவிட்டது. விடையும் அவருடையதுதான், சீடனின் வாய் மட்டும் இரவல். இந்த நானூற்றைம்பது ஆண்டுகளில் என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்க்கப் புகுந்தால், எனக்கு இந்த ஒரு கணக்குதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது.

மனப்பாடத்தைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளிவிடுவது இப்போது சுலபம். நான் அவ்வளவு சீக்கிரம் தள்ளமாட்டேன். 1759-ல் போர்ச்சுக்கல் அரசு இயேசு சபையைத் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து வெளியேற்றியது; 1773-ல் போப்பாண்டவர் சபையையே கலைத்தார். அந்தச் சபைக் குருக்கள் மதுரைப் பக்கம் திரும்பி வந்தது 1838-ல். இடைப்பட்ட காலத்தில் பல ஊர்களுக்குக் குருவானவர் வருவதே அபூர்வம். கோவிலைத் திறந்து வைத்தவர் உபதேசியார். பிள்ளைகளை உட்காரவைத்துச் ‘சின்னக் குறிப்பிடம்’ ஒப்பிக்க வைத்தவரும் அவரே. பாட்டிக்குத் தெரிந்த மந்திரம் பேத்திக்கு வந்தது. அதில் பாதி அர்த்தம் புரிந்திருக்காது. ஆனால் அந்த மந்திரம்தான் ஊரை நிறுத்தியது. நினைவிலிருந்து அடிக்கடி எடுத்துச் சொல்வதே நினைவை உறுதிப்படுத்துகிறது என்று இன்றைய உளவியல் சோதனை நடத்திச் சொல்கிறது. உபதேசியாருக்கு அது சோதனை இல்லாமலே தெரியும். அவர் பிரம்பும் வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

தரங்கம்பாடிப் பக்கம் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1706-ல் வந்த லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டுக்கே பிள்ளைகளோடு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதக் கற்றுக்கொண்டார். பாதிரியார் மாணவர், பிள்ளைகள் சக மாணவர். அந்த நிலை நீடிக்கவில்லை. தமிழ் பிடிபட்டதும் லூத்தரின் சிறிய வினாவிடை நூல் தமிழாகி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சீக்கிரமே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது. அந்தப் பெண்பள்ளி பெரிய காரியம். பாடம் மட்டும் வழக்கப்படி: கேள்வி ஆசிரியருடையது.

மணலில் எழுதும் அந்தத் திண்ணை முறை எங்கெங்கோ போனது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை 1789-லிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். வாத்தியார்கள் முரண்டு பிடிக்க, ஓரளவு தெரிந்த பையனைத் தெரியாத பையனுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அறிக்கை எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். 1811-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக இங்கிலாந்துத் திருச்சபையினர் தொடங்கிய பள்ளிகள் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டன. நம் திண்ணையிலிருந்து போன முறையில் ஆங்கிலேயக் குழந்தைகள் தங்கள் திருச்சபை வினாவிடையை உருப்போட்டார்கள்.

ஞாயிறு பள்ளி என்பது இங்கிலாந்திலிருந்து வந்தது. 1780-ல் குளோஸ்டர் நகரத்து ராபர்ட் ரெய்க்ஸ் பள்ளி திறந்தபோது அது வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரும் இடம். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்ந்த நாள். எழுத்துப் பாடம் வாரநாள் பள்ளிக்குப் போன பிறகு வேதபாடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் தங்கியது. 1872-ல் அமெரிக்காவில் ஒரே சீர்ப் பாடத்திட்டம் வகுத்தார்கள்: உலகம் முழுவதும், எல்லா வயதுக்கும், அந்த வாரம் அதே வேதபகுதி. ஏழு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே பாடம் என்பதில் அப்போது பலருக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. வயதுவாரியான பாடங்கள் வர 1908 ஆகிவிட்டது. இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் பிறந்தது 1876-ல். நெல்லைச் சீமையில் ஓய்வுநாள் பள்ளி என்ற பெயரில் ஞாயிறு பள்ளி வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

படங்கள் வந்தது அந்தக் காலத்தில்தான். 1812-ல் ஜெர்மனியில் கோஸ்னர் வெளியிட்ட இருதயப் படப் புத்தகம் தமிழிலும் சுற்றியது. மனித இருதயத்துக்குள்ளே மயில், ஆடு, பன்றி, ஆமை, புலி, பாம்பு, தேரை என்று ஏழு பாவத்துக்கும் ஏழு பிராணிகள் குடியிருக்கும். பார்த்த பிள்ளை ராத்திரி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுக்கும். பிறகு வார்த்தையில்லாப் புத்தகம். 1866-ல் லண்டன் பிரசங்கி ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கத்தோடு அதை விளக்கினார். பொன்னிறமும் பச்சையும் பின்னால் சேர்ந்தவை. கறுப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் சுத்தமான இருதயம். எழுத்தறியாத பிள்ளைக்கும் புரியும், கையடக்கம், செலவில்லை. ஆசிரியருக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது. ஆனால் கறுத்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், வெயில் காய்ந்த கடற்கரைக் கிராமத்தில், முதல் பக்கத்தைத் திறந்து காட்டும்போது அந்தப் பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொள்ளாதா? தலைமுறை தலைமுறையாகக் காட்டியிருக்கிறோம். இப்போது சிலர் கறுப்பு என்று சொல்லாமல் இருட்டு என்று சொல்கிறார்கள். பக்கம் அதே பக்கம்.

குழந்தை மனம் பற்றிய படிப்பு திருச்சபை வாசலுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1910-ல் பத்தாம் பத்திநாதர் ஓர் ஆணை வெளியிட்டார். அதுவரை பல நாடுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புதுநன்மை என்ற முதல் நற்கருணை கிடையாது. ஞானோபதேசம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதில்லை, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஏழு வயதே போதும் என்று அந்த ஆணை சொன்னது. முழுப் புத்தகத்தையும் ஒப்பித்தால்தான் பந்தி என்ற நிபந்தனை போனது. நம் ஊர்களில் இன்று வெள்ளைக் கவுன் போட்டுக் கையில் மெழுகுதிரியோடு நிற்கும் சிறு பெண்களின் வயது அந்தத் தாளிலிருந்து வந்தது.

அதே காலத்தில் மரியா மாண்டிசோரி பார்சலோனாவில் வேறொன்று செய்து பார்த்தார். பிள்ளைகள் உயரத்துக்கு ஏற்ற நாற்காலிகளோடு ஒரு சிறு கோவில். பிள்ளைகளே கோதுமை விதைத்து, திராட்சைக் கொடி வளர்த்து, அறுத்து எடுத்தார்கள். அந்தக் கோதுமையும் திராட்சையும் பூசைக்கு அப்பமும் ரசமுமாகப் போயின. இதைப் பற்றி 1922-ல் இத்தாலியில் அவர் நூல் வெளிவந்தது. பிறகு 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியதும் மகன் மாரியோவை ஆங்கிலேய அரசு காவலில் வைத்தது; தாயின் எழுபதாவது பிறந்தநாளில்தான் விடுவித்தது. கொடைக்கானலில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். ஒரு கத்தோலிக்கப் பெண், பிரம்மஞானிகளின் விருந்தாளியாக, தமிழ்நாட்டில்! அவருடைய மணிச்சட்டங்களும் உப்புத்தாள் எழுத்துகளும் நம் மழலைப் பள்ளிகளுக்குள் வந்தன. மாண்டிசோரி என்ற பெயர் இன்று சந்துக்குச் சந்து பலகையில் தொங்குகிறது. கணக்குக்கும் எழுத்துக்கும் அவர் முறையை எடுத்துக்கொண்டவர்கள் ஞானோபதேச வகுப்புக்கு அதைத் தொடவில்லை. எழுத்தைத் தொட்டுத் தடவிக் கற்ற அதே பிள்ளை, மணி அடித்ததும் கைகட்டி நின்று ஒப்பித்தது.

பார்சலோனாவில் விட்ட நூலை ரோமில் எடுத்தவர் சோஃபியா கவல்லெட்டி. எபிரேய வேத அறிஞர். ரோமின் தலைமை ரபியாக இருந்து பிறகு கிறிஸ்தவரான சோல்லியின் மாணவி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை. 1954-ல் தெரிந்த ஒரு தாய் தன் ஏழு வயது மகனுக்குச் சொல்லித்தரக் கேட்டார். தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டு ஆதியாகமத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் தாய் கூப்பிட வந்தபோது பையன் கண்ணில் நீர். வீட்டுக்குப் போக மனமில்லை. மாண்டிசோரியோடு வேலை செய்த ஜானா கோபியைச் சேர்த்துக்கொண்டு அன்று தொடங்கியதை அரை நூற்றாண்டுக்கும் மேல் நடத்தினார். 2011-ல் இறந்தார்.

கவல்லெட்டியின் பாடம் நடந்த அறைக்கு ஏட்ரியம் என்று பெயர். பழைய பேராலயங்களின் முன்முற்றம். வகுப்பறையும் இல்லை, கோவிலும் இல்லை. சிறு பலிபீடம், சிறு கிண்ணம், மரத்தில் செய்த மேய்ப்பனும் ஆடுகளும், வட்டமான ஒரு பட்டி. ஆசிரியை கதையைச் சொல்லி, உருவங்களை மெதுவாக நகர்த்திக் காட்டி, பிறகு விட்டுவிடுவார். பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்து, வேண்டிய தடவை, பேசாமல் செய்து பார்க்கும். படம் வரையும். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு குழு. அவர்களுக்கு ஓநாயும் கூலிக்காரனும் முதலில் கிடையாது, மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதுதான் முதல் பாடம். கவல்லெட்டி கவனித்தது என்னவென்றால், அந்த வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே பிடித்துக்கொள்கிறது. காணாமல் போன ஆடு, தப்பு, மன்னிப்பு என்பதெல்லாம் ஆறு வயது தாண்டியவர்களின் கவலை. நாம் நாலு வயதுக்குப் பாவத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம். அந்தப் பிள்ளை இன்னும் அந்தத் தெருவுக்கே வரவில்லை. மேய்ப்பன் கதையிலிருந்து நீதி என்ன என்று ஆசிரியை கேட்கமாட்டார். எனக்கு இதில் வியப்பு மரப்பொம்மைகள் பேரில் இல்லை, அந்தக் கேளாமையின் பேரில்தான்.

அமெரிக்கக் குருவானவர் ஜெரோம் பெரிமன் இவரிடமிருந்து எடுத்துத் தம் வழியில் கொண்டுபோனார். பெட்டி நிறைய மணல், அதுதான் பாலைவனம். ஆபிரகாமும் சாராளும் மணலில் தடம் பதித்து நடப்பார்கள். கதை சொல்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கமாட்டார், மணலையே பார்ப்பார். அப்போது பிள்ளைகளும் அவர் முகத்தில் சரியான விடையைத் தேடமாட்டார்கள். முடிந்ததும் சில கேள்விகள் போடுவார்: எந்த இடம் பிடித்தது, இந்தக் கதையில் நீ எங்கே இருக்கிறாய், எதையாவது எடுத்துவிட்டாலும் கதை கதையாக இருக்குமா என்ற மாதிரி. சரி தவறு கிடையாது. எதையாவது எடுத்துவிடலாமா என்ற அந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்டால் சபைப் பெரியவர்கள் கூட்டம் போடுவார்கள்.

எல்லா உளவியலும் இந்தப் பக்கமே சாயவில்லை. 1964-ல் இங்கிலாந்தில் ரொனால்ட் கோல்ட்மன், ஆறு முதல் பதினேழு வயது வரையான 200 பேரிடம் எரியும் முட்செடி, செங்கடல், இயேசுவின் சோதனை ஆகிய மூன்று கதைகளைச் சொல்லிப் பேட்டி கண்டார். குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன படிகள் இங்கேயும் இருப்பதாகக் கண்டார். சிறியவர்கள் கதையை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். உருவகம் பதின்மூன்று வயது வாக்கில்தான் பிடிபடுகிறது. சிறு வயதில் ஏற்றிய அந்தக் கச்சாப் படத்தைப் பதின்வயதில் குழந்தைத்தனம் என்று மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆகவே வேதாகமத்தில் பெரும்பகுதியைத் தள்ளி வையுங்கள் என்றார். பெரிய சண்டை நடந்தது. புரிதல் வேறு, ஈடுபாடு வேறு என்று பின்னால் ராபர்ட் கோல்ஸ் போன்ற மனநல மருத்துவர்கள் பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் பேசி எழுதினார்கள். என் எண்ணத்தில் கோல்ட்மன் நோயைச் சரியாகப் பார்த்தார், மருந்தில்தான் தவறினார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்போடு கோவில் வகுப்பை நிறுத்துகிறார்கள் என்று எந்த ஆசிரியையிடமும் கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தக் காற்று நுழைந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி. பாண்டிச்சேரி மறைமாவட்டக் குருவான அமலோர்பவதாஸ் பாரிஸில் மறைக்கல்வி பயின்று வந்தவர். பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை 1967 முதல் பதினைந்து ஆண்டு நடத்தினார். பிள்ளையின் வாழ்விலிருந்து தொடங்கு, அங்கிருந்து வேதத்துக்குப் போ, பிறகு வாழ்வுக்குத் திரும்பு என்பது அந்தக் காலத்து மறைக்கல்வியின் வழி. திண்டிவனத்தில் தமிழகத்துக்கான மையம் இருக்கிறது. வகுப்புவாரியாக மறைக்கல்வி நூல்கள் வந்தன. அவற்றில் வயல் உண்டு, மழை உண்டு, சண்டை போட்ட நண்பன் உண்டு. ஞானோபதேசம் என்ற பழைய பெயர் போய் மறைக்கல்வி என்ற பெயர் வந்ததும் அப்போதுதான். உபதேசியாரின் இடத்தில் அருட்சகோதரிகளும், பிறகு கல்லூரிப் பெண்களும் வந்தார்கள்.

இன்று ஒரு மே மாதக் காலையில் எந்தத் தென் தமிழ்நாட்டு ஊருக்குப் போனாலும் விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பார்க்கலாம். சபை எதுவானாலும் காட்சி ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஒரு தொப்பி, ஒரு பனியன். புரொஜெக்டர், பொம்மலாட்டம், பேசும் பொம்மையோடு ஓர் அண்ணன், மாயவித்தை காட்டும் இன்னோர் அண்ணன், கையை ஆட்டிக் காலை ஆட்டிப் பாடும் பாட்டு. கடைசி நாள் பவனி, பிஸ்கட், ஜூஸ். இந்துப் பிள்ளைகளும் வருவார்கள். கோடை விடுமுறையில் பணமில்லாமல் வேறெங்கே இவ்வளவு கொண்டாட்டம் கிடைக்கும்? பிள்ளைகளுக்கு உண்மையான சந்தோஷம் அது. கேலி செய்ய எனக்கு மனம் வராது. பிரம்பு போய்விட்டது என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடுத்தது. கோவில் வகுப்புக்கும் அந்த நாகரிகம் மெல்ல வந்து சேர்ந்தது. காதைத் திருகி வசனம் வாங்கிய தலைமுறையில் வந்தவன் நான். எங்கள் காலத்து வகுப்பில் சிரித்தால் வெளியே நிற்க வேண்டும்.

சத்தம் அடங்கிய பிறகு அந்த வகுப்பின் எலும்பைத் தடவிப் பார்த்தால் பழைய எலும்புதான். கதை முடிந்ததும் மைக்கில் கேள்வி வருகிறது: ஐந்து அப்பம், எத்தனை மீன்? சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பென்சில். மனப்பாட வசனத்துக்கு நட்சத்திர ஒட்டி. வருகைக்குப் பரிசு, ஆண்டு முடிவில் தேர்வு, தேர்வுக்குச் சான்றிதழ். உளவியலில் நாம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பரிசு கொடுத்துப் பழக்கும் பகுதியைத்தான். அது எளிது, மலிவு, உடனே பலன் தெரியும். 1973-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வை நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் படிக்க வேண்டும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையரில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். பொன் முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், தாமாக வரைவதில் அவர்கள் செலவிட்ட நேரம் மற்றக் குழுக்களில் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு இல்லை. ஜெபிக்கும் ஆசைக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று யாராவது சோதித்தார்களோ இல்லையோ, பொருந்தாது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று மனதை உறுத்துவது. கடைசி நாள் கூட்டத்தில் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய கீபோர்டு இசையில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை, பிடித்த அக்கா கேட்கிறாள், ஐந்து நாள் பாட்டும் விளையாட்டும் உடம்பில் இன்னும் இருக்கிறது. கை உயரும். பெரியவர் எதிர்பார்ப்பதைக் கண்டுகொண்டு அதையே தருவது பிள்ளைகளின் இயல்பு. நீதிமன்றத்தில் சிறுவர் சாட்சியத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் இதைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். உயர்ந்த கைகளை எண்ணி அறிக்கையில் போடுகிறோம். மார்பில் கைகட்டி நம்புகிறோம் என்ற சவேரியாரின் கூட்டத்தில் குறைந்தது தாய் தகப்பனும் பக்கத்தில் நின்றார்கள். பிள்ளையின் மனம் எப்படி இளகும் என்று தெரிந்துகொள்வது, அந்த இளக்கத்தைத் தொடாமல் இருப்பதற்கும் உதவ வேண்டும். வேறு மதத்துப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கும்போது இது இரட்டிப்பு உண்மை.

மர ஆடும் மணல் பெட்டியும் நமக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்வார்கள். தச்சர் இருக்கிறார், கடற்கரையே இருக்கிறது. அது ஒன்றும் செலவில்லை. இல்லாதது நேரமும் இடமும். ஆராதனை முடிந்து முக்கால் மணி நேரம், தாழ்வாரத்தில் நாற்பது பிள்ளைகள், அடுத்த தூணுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு பாடிக்கொண்டிருக்கும். சொல்லித்தருபவர் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கும் பெண். ஒரு நாள் பயிற்சி முகாமில் கொடுத்த கைநூல் அவள் கையில் இருக்கிறது. அப்படி ஒரு கைநூலைப் புரட்டினேன். ‘பிள்ளைகளைச் சுதந்திரமாகச் சிந்திக்கவிடும் கேள்விகள்’ என்று தலைப்பு. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் எதிர்பார்க்கும் விடை அச்சிட்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, நெல்லைப் பக்கத்து ஊரில் வருடக்கணக்காக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர், செங்கடல் கதையை முடித்துவிட்டு வசனத்துக்குப் போகப் பார்த்தாராம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன் எழுந்து, “டீச்சர், பார்வோன் சரி. அந்தக் குதிரையெல்லாம் என்ன செஞ்சிச்சு?” என்றான். கைநூலில் அந்தக் கேள்வி இல்லை. “எனக்கும் தெரியலயேப்பா” என்றார் இவர். அப்புறம் வகுப்பு இவர் கையில் இல்லை. குதிரைகளுக்கு நீந்தத் தெரியும் என்றது ஒரு பிள்ளை. வண்டியில் கட்டியிருந்ததே என்றது இன்னொன்று. கடவுள் கட்டை அவிழ்த்துவிட்டிருக்கலாமே என்றாள் முன்வரிசைச் சிறுமி. அவர் அவிழ்த்திருப்பார், நமக்குத்தான் சொல்லவில்லை என்று ஒருவன் அடித்துச் சொன்னான். மணி அடிக்கும்வரை குதிரைதான். அன்றைய வருகைப் பதிவேட்டில் கண்காணிப்பாளர் சிவப்பு மையில் எழுதி வைத்தார்: “மனப்பாட வசனம் நடத்தப்படவில்லை.”